அரிய ஆங்கிலச் சொற்களையும் குறிப்புத் தொடர்களையும் வாக்கியத்தில் பிழையின்றி ஆள்வது எப்படி?

கேள்வி இதுதான்: புதிதாகக் கற்ற ஆங்கிலச் சொல்லின் பொருளை அகராதியில் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்ட பிறகும், அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் அது எங்கோ பிசகிவிடுகிறது, புராணங்களிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் வந்த தொடர்களை எடுத்தாளும்போது இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடுகிறது, இதற்கு என்ன வழி?

அகராதி ஒரு சொல்லுக்குத் தரும் தமிழ் விளக்கம், அந்தச் சொல்லை வேறொருவர் எழுதியதில் படித்துப் புரிந்துகொள்ளப் போதுமானது. நாமே எழுதுவதற்கு அது போதாது. அந்தச் சொல் எவற்றோடு சேர்ந்து வரும், எத்தகைய மனப்பாங்கோடு சொல்லப்படும், எந்தச் சூழ்நிலையில் சொன்னால் பொருந்தாமல் போகும் என்பவையும் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை, பொருளே தெரியாமல் செய்யும் பிழைகளைவிட, பொருள் தெரிந்திருந்தும் இந்த நிபந்தனைகள் தெரியாததால் நேரும் பிழைகளே மிகுதி.

‘மிட்டிகேட்’ என்னும் வினையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆங்கிலம்–தமிழ் அகராதி அதற்குத் ‘தணி’ என்று பொருள் தரும். அது சரியான பொருள்தான். ஆனால் தமிழில் தாகத்தைத் தணிக்கிறோம், கோபத்தைத் தணிக்கிறோம், காய்ச்சல் தணிகிறது, வெயில் தணிகிறது, ஆவலும் தணிகிறது. இத்தனை இடங்களிலும் ஒரே வினையை ஆண்டு பழகிய ஒருவர், தண்ணீர் குடித்துத் தாகத்தை ‘மிட்டிகேட்’ செய்ததாக எழுதிவிடுவது மிகவும் இயல்பு. ஆங்கிலத்தில் தாகத்துக்கு ‘க்வென்ச்’, கோபமாக இருப்பவரைச் சமாதானப்படுத்த ‘பேசிஃபை’, காய்ச்சலுக்குக் ‘கம் டவுன்’, ஆவலுக்குச் ‘சாட்டிஸ்ஃபை’ என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. ‘மிட்டிகேட்’ ஏற்றுக்கொள்ளும் செயப்படுபொருள்கள் பெரும்பாலும் ‘ரிஸ்க்’, ‘டேமேஜ்’, ‘இம்பாக்ட்’, ‘எஃபெக்ட்’ போன்றவை. அதாவது ஏற்கெனவே நேர்ந்த, அல்லது நேரவிருக்கும், ஒரு தீங்கின் கடுமையைக் குறைப்பதையே அந்த வினை சொல்கிறது. தீங்கை முழுவதுமாக ஒழித்துவிட்டால் இந்த வினைக்கு அங்கே வேலையில்லை. நீதிமன்ற வழக்கில் உள்ள ‘மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்’ என்னும் தொடர் இதைத் துல்லியமாகக் காட்டுகிறது: அந்தச் சூழ்நிலைகள் குற்றம் நடக்கவில்லை என்று வாதிடுவதில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கான தண்டனையின் கடுமையைக் குறைக்கவே அவை முன்வைக்கப்படுகின்றன.

இதே வினையில் இன்னொரு குழியும் இருக்கிறது. ‘மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதுபவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு. அவர்கள் உண்மையில் எழுத நினைப்பது, ஒன்றுக்கு எதிராகச் செயல்படுவதைக் குறிக்கும் ‘மிலிட்டேட் அகெய்ன்ஸ்ட்’ என்னும் தொடரை. ஒலி ஒப்புமையால் இப்படிச் சொல் மாறிப்போவதற்கு ஆங்கிலத்தில் ‘மலப்ராபிசம்’ என்றே பெயர் இருக்கிறது. 1775-இல் அரங்கேறிய ரிச்சர்ட் ஷெரிடனின் நாடகத்தில், முதலையைச் சொல்ல வந்து ‘அலிகேட்டர்’ என்பதற்குப் பதிலாக, உருவகக் கதையைக் குறிக்கும் ‘அலிகரி’ என்ற சொல்லைச் சொல்லும் மிசஸ் மலப்ராப் என்ற பாத்திரத்தின் பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது. ஆகவே புதிய சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, அதனோடு ஒலியில் மயங்கக்கூடிய சொல்லையும் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்ல பழக்கம். பகட்டாகக் காட்டிக்கொள்வதைக் குறிக்கும் ‘ஃப்ளான்ட்’, விதியை வேண்டுமென்றே மீறுவதைக் குறிக்கும் ‘ஃப்ளவுட்’ ஆகிய இரண்டும் அப்படிச் சேர்த்தே கற்க வேண்டியவை.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தைப் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1957-இல் எழுதினார். பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் பணியாற்றிய குழு, பெருந்தொகையான உண்மை எழுத்துகளைக் கணினியில் திரட்டி, ஒவ்வொரு சொல்லும் எவற்றின் பக்கத்தில் வருகிறது என்று ஆராய்ந்து, 1987-இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டது. ‘செட் இன்’ என்னும் எளிய தொடரைப் பற்றிச் சின்க்ளேர் கண்டது எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அகராதிப் பொருளின்படி அது ‘தொடங்கி நிலைகொள்’ என்பதுதான். எனவே மகிழ்ச்சியும் நிலைகொள்ளலாம், துயரமும் நிலைகொள்ளலாம் என்று நினைப்போம். ஆனால் உண்மை எழுத்துகளில் அந்தத் தொடருக்கு எழுவாயாக வருபவை அழுகல், சிதைவு, நம்பிக்கையிழப்பு போன்ற விரும்பத்தகாதவையாகவே பெரும்பாலும் இருக்கின்றன. ஆகவே வீட்டில் மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆயிற்று என்று ஒருவர் எழுதினால், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும், படிப்பவருக்கு அந்த மகிழ்ச்சி ஒரு நோயைப் போல ஒலிக்கும். ‘விளைவி’ என்று பொருள்படும் ‘காஸ்’ என்னும் வினைக்கும் இதே சாயல் உண்டு: விபத்து, இழப்பு, குழப்பம், வலி ஆகியவற்றை அது ‘காஸ்’ செய்யும், வளர்ச்சியைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘லீட் டு’, ‘பிரிங் அபவுட்’ போன்றவை பொருத்தமாக அமையும். இத்தகைய சாயலை ஒருவரியில் எழுதப்பட்ட எந்தப் பொருள்விளக்கமும் காட்டாது. எடுத்துக்காட்டு வாக்கியங்களை வரிசையாகப் படித்தால்தான் தெரியும்.

இலக்கணக் கட்டமைப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் நல்ல கற்போர் அகராதி எதிலும் அது இருக்கிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் குழுவினரோடு தொகுத்து, ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் வெளியிட்ட கற்போர் அகராதியின் முதன்மையான சிறப்பே, ஒவ்வொரு வினைக்கும் அது ஏற்கும் வாக்கிய அமைப்பைக் குறித்துக் காட்டியதுதான். ‘ஒன்றைப் பற்றி’ என்னும் தமிழ் அமைப்பு நம் நாவில் ஊறியிருப்பதால் ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் ‘அபவுட்’ சேர்க்கிறோம். அந்த வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். ‘சஜஸ்ட்’ என்பதன் பின் ஆளையும் செயலையும் அடுத்தடுத்து வைத்து, ‘ஹி சஜஸ்டட் மி டு கோ’ என்று எழுத முடியாது. ‘ஹி சஜஸ்டட் தட் ஐ கோ’ என்றே அமைக்க வேண்டும். ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘ரிசர்ச்’ போன்ற பெயர்ச்சொற்கள் பொது ஆங்கிலத்தில் பன்மை விகுதி ஏற்பதில்லை. புதிய வினையைக் குறிக்கும்போது வினையை மட்டும் குறிக்காமல், அதன் பின் வரும் இரண்டு மூன்று சொற்களையும் சேர்த்து ஒரே உருப்படியாகக் குறித்துக்கொண்டால் இந்த வகைப் பிழைகளில் பெரும்பகுதி தானாகவே நின்றுவிடும்.

அடுத்தது மனப்பாங்கு. செலவில் கட்டுப்பாடாக இருப்பவரை ‘ஃப்ரூகல்’ என்றால் மதிப்பு. ‘ஸ்டிஞ்சி’ என்றால் இகழ்ச்சி. குழந்தையின் வியப்பையும் கள்ளமின்மையையும் பாராட்டச் ‘சைல்ட்லைக்’. வளர்ந்தவரின் முதிர்ச்சியின்மையைக் குறைகூறச் ‘சைல்டிஷ்’. தமிழ் விளக்கம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், சொல்லின் பக்கத்தில் அது பாராட்டா பழிப்பா என்று ஓர் அடையாளம் இட்டு வைப்பது நல்லது. சில சொற்கள் இந்த இடத்தில் உண்மையிலேயே ஆபத்தானவை. ‘ஃபுல்சம்’ என்பது தொடக்கத்தில் மிகுதியைக் குறித்து, பிறகு அருவருப்பூட்டும் அளவுக்கு மிகையான புகழ்ச்சியைக் குறித்து, இன்று ‘தாராளமான’ என்ற பொருளிலும் மீண்டும் எழுதப்படுகிறது. பேராசிரியர் தங்கள் நூலுக்கு ‘ஃபுல்சம் ப்ரெய்ஸ்’ தந்தார் என்று நன்றியுரையில் எழுதினால், அவர் அளவுமீறி முகத்துதி செய்தார் என்று ஒரு சாரார் படித்துக்கொள்வார்கள். ‘என்னார்மிட்டி’ என்பதை வெறும் அளவின் பெருமைக்கு எழுதினாலும் இதே நிலைதான். கொடுமையின் கடுமையைக் குறிக்கும் சொல்லாகவே அதைக் கருதும் வாசகர் பலர் இருக்கிறார்கள். இத்தகைய சொற்கள் எழுதுபவரின் பொருளைக் காப்பாற்றாமல் வாசகரின் கையில் விட்டுவிடுவதால், வேறு தெளிவான சொல் கிடைக்கும் இடத்தில் அவற்றை ஒதுக்கிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இனிக் குறிப்புத் தொடர்கள். ஒரு கதையில் பல நிகழ்ச்சிகள் இருக்கும். மொழி வழக்கு அவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். தமிழில் ஒருவரைக் கும்பகர்ணன் என்றால் அவருடைய உறக்கத்தை மட்டுமே சொல்கிறோம். கும்பகர்ணனின் வீரமும், அண்ணன் செய்வது தவறு என்று அறிந்தும் அவனுக்காகவே போரிட்டு மாய்ந்த பற்றும் அந்த வழக்கில் இடம்பெறுவதில்லை. ஆங்கிலக் குறிப்புகளும் இப்படித்தான் இயங்குகின்றன. ஆகவே கதையை முழுக்கப் படித்துவிட்டால் தொடர் கைக்கு வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. கதையில் எந்த ஓர் அம்சம் வழக்கில் உயிரோடு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, நாம் சொல்லவரும் சூழ்நிலையில் அந்த அம்சம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ என்ற தொடரைப் பாருங்கள். இரண்டு தீய வழிகளுக்கு நடுவே தவிப்பதைக் குறிப்பதாக எண்ணிப் பலர் இதை எழுதுகிறார்கள். தாமஸ் ஹாப்சன், 1631-இல் இறந்த கேம்பிரிட்ஜ் நகரத்துக் குதிரை வாடகைக்காரர். வருபவர்கள் எல்லோரும் நல்ல குதிரையையே கேட்டுக் கேட்டு அது ஓய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, லாயத்தின் வாசலுக்கு மிக அருகில் நிற்கும் குதிரையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குதிரையே இல்லை என்று அவர் முறை வைத்திருந்தார். எனவே தேர்வு இருப்பதுபோலத் தோன்றி, உண்மையில் கொடுப்பதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லாத நிலைக்கே இந்தத் தொடர் பொருந்தும். வேலையை விடுவதா, பிடிக்காத ஊருக்கு மாற்றலை ஏற்பதா என்று ஒருவர் திணறினால் அது ‘டைலமா’. மாற்றல் ஆணையை மட்டும் நீட்டி, ‘விருப்பமிருந்தால் ஏற்கலாம்’ என்று ஒப்புக்குச் சொன்னால் அது ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’.

‘கேட்ச்-22’ இந்த இரண்டிலிருந்தும் வேறானது. 1961-இல் வெளிவந்த ஜோசஃப் ஹெல்லரின் நாவலில், மனநிலை சரியில்லாத விமானி பறப்பதிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் விலக்குக் கேட்பவர் தம் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறார், ஆகவே அவர் தெளிந்த மனநிலையில்தான் இருக்கிறார் என்று அதே விதி முடிவுகட்டிவிடுகிறது. வெளியேறும் வழியே வெளியேற விடாமல் தடுக்கும் அந்தச் சுழற்சிதான் இந்தத் தொடரின் உயிர். அனுபவம் இல்லாததால் வேலை கிடைக்கவில்லை, வேலை கிடைக்காததால் அனுபவம் வரவில்லை என்பது பொருத்தமான ஆட்சி. நேர்காணல் நாளில் காய்ச்சல் வந்துவிட்டது என்பது வெறும் துன்பம். அதில் சுழற்சி இல்லாததால் இந்தத் தொடருக்கு இடமில்லை.

‘பிரிக் விக்டரி’ என்பதையும் கடினமான வெற்றிக்கோ மயிரிழையில் கிடைத்த வெற்றிக்கோ எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எபிரஸ் நாட்டு மன்னன் பிரஸ், கி.மு. 279-இல் அஸ்குலம் என்னுமிடத்தில் ரோமானியரை வென்றான். ஆனால் அந்த வெற்றிக்குத் தன் படையில் அவன் கொடுத்த விலை அவ்வளவு பெரிது என்பதால், இன்னொரு முறை இப்படி வென்றால் அழிந்தே போவோம் என்ற கருத்தில் அவன் பேசியதாகக் கிரேக்க வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வென்றவரையே வீழ்த்தும் அளவுக்கு இழப்பு இருந்தால்தான் இந்தத் தொடரை ஆளலாம். வழக்கில் வென்ற நிறுவனம், வழக்குச் செலவாலேயே திவாலாயிற்று என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது மிகுந்த தெளிவைத் தருகிறது. ‘ஹெர்க்யூலியன்’ பணி மிகக் கடினமானது, ஆனால் முடிக்கக்கூடியது. கிரேக்கக் கதைகளின் வீரனான ஹெர்க்யூலிஸ் தனக்கு இடப்பட்ட பன்னிரண்டு பணிகளையும் செய்து முடித்தவன். நம் வழக்கில் பகீரத முயற்சி இதற்கு மிக அருகில் நிற்கிறது. ‘சிசிஃபியன்’ பணிக்கு முடிவே கிடையாது. மலையுச்சிக்கு உருட்டிச் சென்ற பாறை ஒவ்வொரு முறையும் கீழே உருண்டுவிட, சிசிஃபஸ் மறுபடியும் அடிவாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெரிய அணையைக் கட்டி முடித்த பொறியாளர்களின் உழைப்பைச் ‘சிசிஃபியன்’ என்றால் அவர்களுடைய வெற்றியை மறுத்ததாகிவிடும்.

கதையும் வழக்கும் எதிரெதிர்த் திசையில் போகும் இடங்களும் உண்டு. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைடஸ், தான் உண்ணும் உணவும் பொன்னாவதைக் கண்டு அந்த வரத்தை நீக்கும்படி மன்றாடுகிறான். கதைப்படி அது சாபம். ஆயினும் இன்றைய ஆங்கிலத்தில் ஒருவருக்கு ‘தி மைடஸ் டச்’ இருக்கிறது என்றால், அவர் எடுக்கும் தொழில் எல்லாம் இலாபம் தருகிறது என்ற பாராட்டுதான். இங்கே கதையை நம்பி எழுதினால் தவறும். வழக்கைப் பார்த்தே எழுத வேண்டும். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ விஷயத்தில் நிலைமை நடுவில் நிற்கிறது. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் அந்தப் பெயர் உயிரைப் படைத்த விஞ்ஞானிக்குரியது; அவன் படைத்ததற்குப் பெயரே கிடையாது. படைப்பையே அந்தப் பெயரால் அழைப்பது பேச்சில் பரவி அகராதிகளிலும் ஏறிவிட்டது என்றாலும், கவனமாக எழுதும் இடத்தில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் மான்ஸ்டர்’ என்று எழுதிவிட்டால் எவருக்கும் குறை இருக்காது.

இத்தொடர்களின் சின்னஞ்சிறு உறுப்புகளும் வழக்கால் கெட்டிப்பட்டவை. ‘மைடஸ் டச்’ என்பதற்கு முன் ‘தி’ வரும். ‘கேட்ச்-22’ என்பதற்கு முன் பெரும்பாலும் ‘எ’ வரும். ஒருவரின் பலவீனமான இடத்தைக் குறிக்கும் ‘அக்கிலீஸ் ஹீல்’ என்பதற்கு முன் ‘ஹிஸ்’, ‘தேர்’ போன்ற உடைமைச் சொல் வருவதே இயல்பு. ‘பிரிக்’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். நடைமுறைக்கு ஒவ்வாத இலட்சியக் கனவைக் குறிக்கும் ‘குவிக்ஸாட்டிக்’ என்பது பொதுச்சொல்லாகக் கரைந்துவிட்டதால் சிறிய எழுத்திலேயே தொடங்கும். வினைகளும் அப்படியே: எதிர்பாராத தொல்லைகளை வெளியே விடும் பண்டோராவின் பெட்டி திறக்கப்படும், திரும்ப முடியாத முடிவைக் குறிக்கும் ரூபிகான் ஆறு கடக்கப்படும், அவிழ்க்க முடியாத சிக்கலைக் குறிக்கும் கோர்டியன் முடிச்சு வெட்டப்படும், எந்நேரமும் விழக்கூடிய ஆபத்தைக் குறிக்கும் டேமக்ளீஸின் வாள் தலைக்கு மேல் தொங்கும். இந்த வினைகளை மாற்றினால் குறிப்பு உடைந்துவிடும்.

தேர்வுகளில் ‘சொந்த வாக்கியத்தில் அமைக்க’ என்று கேட்கும்போது, ‘ஹி இஸ் ஃப்ரூகல்’ என்று மூன்று சொற்களில் எழுதிவிட்டு மதிப்பெண் ஏன் வரவில்லை என்று மாணவர்கள் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் ‘ஃப்ரூகல்’ இருந்த இடத்தில் உயரம், சோம்பல், அன்பு என்று எதைக் குறிக்கும் பெயரடையை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். எனவே எழுதியவருக்குப் பொருள் தெரியும் என்பதற்கு அதில் சான்றே இல்லை. ‘நல்ல சம்பளம் வாங்கியபோதும் அவர் ஃப்ரூகலாகவே வாழ்ந்தார், பழைய சைக்கிளைப் பழுதுபார்த்து ஓட்டினார், மிச்சத்தைச் சேமித்தார்’ என்ற அமைப்பில் எழுதினால், வாக்கியமே சொல்லின் பொருளைத் தாங்கிக் காட்டுகிறது. எழுதிய பிறகு புதிய சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எஞ்சியதைக்கொண்டு அந்த இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று ஊகிக்க முடிந்தால் வாக்கியம் சரியாக அமைந்திருக்கிறது.

நடைமுறையில் நான் சொல்லும் வழி எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு சொல்லைக் கண்டதும் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாமல், கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி ஒன்றில் அதன் எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். கோபில்ட் அகராதி முழு வாக்கியத்திலேயே பொருள் சொல்வதால் இதற்கு மிகவும் உதவும். பிறகு சுமார் பத்துக் கோடிச் சொற்களைக் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், அதைவிடப் பெரிய சமகால அமெரிக்க ஆங்கிலக் கார்ப்பஸ் போன்ற, உண்மை எழுத்தையும் பேச்சையும் கணினியில் திரட்டிய தொகுப்புகளில் அந்தச் சொல்லைத் தேடி, இருபது முப்பது வரிகளையாவது நிதானமாகப் பாருங்கள். இடப்பக்கம் என்ன வருகிறது, வலப்பக்கம் என்ன வருகிறது, செய்தித்தாளில் வருகிறதா, ஆய்வுக் கட்டுரையில் வருகிறதா, பேச்சில் வருகிறதா என்று கவனித்த பிறகு எழுதும் முதல் வாக்கியத்தை, அந்த வரிகளில் ஒன்றின் எலும்புக்கூட்டின் மேலேயே அமையுங்கள். ஆட்களையும் பொருள்களையும் மட்டும் மாற்றுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாய்மொழியையும் நாம் பிறர் சொல்லக் கேட்டு அதே அமைப்பில் சொல்லித்தான் கற்றோம். சொந்தத் துணிச்சல் பிறகு வரலாம்.

வாசகருக்குக் குறிப்பு தெரியாமல் போகும் வாய்ப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆங்கிலம் படிப்பவர்கள் எல்லோரும் கிரேக்கக் கதைகள் படித்தவர்கள் அல்லர். குறிப்பை நீக்கினாலும் வாக்கியத்தின் செய்தி நிற்கும்படி எழுதுவதே இதற்குத் தீர்வு. ‘டேமக்ளீஸின் வாள் தொங்குகிறது’ என்று மட்டும் எழுதினால், அரச விருந்தில் அமர்ந்தவனின் தலைக்கு மேல் ஒற்றைக் குதிரைமயிரில் வாள் கட்டித் தொங்கிய கதையை அறியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். ‘எந்த மாதமும் ஆட்குறைப்பு அறிவிக்கப்படலாம் என்ற நிலை, டேமக்ளீஸின் வாளாக ஊழியர்களின் தலைக்கு மேல் ஓராண்டாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது’ என்ற அமைப்பில் எழுதினால், கதை அறிந்தவர் அதன் அழுத்தத்தை உணர்வார். அறியாதவரும் செய்தியைத் தவறவிடாமல், அந்தத் தொடரின் பொருளைச் சூழலிலிருந்தே பெற்றுக்கொள்வார்.